வாலில் மறைந்த இரண்டு கிலோ இருநூறு

தராசு பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் யாரும் என் கடைக்கு வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அது எவ்வளவு பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து சாலைக் கம்போளம் என்ற கடைவீதிக்குப் போகும் சந்தில் என் கடை. பெயர் தங்கபாண்டி. தராசு பழுதுபார்ப்பவன், அரசாங்க உரிமம் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வியாபாரிகளின் தராசுகளை நேர்படுத்தி எடையளவு ஆபீசுக்குக் கொண்டுபோவேன். அங்கே எடைக்கற்களை வைத்துச் சோதித்து முத்திரை போடுவார்கள். அந்த ஒரு நாள் மட்டும் தராசு யோக்கியமாக இருக்கும். கடைக்குத் திரும்பியதும் சொந்தக்காரர் மனம்போல நான் அதற்குப் பாடம் நடத்துவேன். மின்னணுத் தராசு நல்ல மாணவன். ஐம்பது கிலோவை ஏற்றிவைத்து 'இது ஐம்பத்தொன்று' என்று ஒரே ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும், அடுத்த வருஷம் வரை மறக்காது. முத்திரைக் கம்பி அறாமல் இதைச் செய்யத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விற்கிறவர் தராசு கூட்டிக் காட்ட வேண்டும், வாங்குகிறவர் தராசு குறைத்துக் காட்ட வேண்டும். இங்கே உள்ளி என்று சொல்லும் வெங்காயத்தில் மொத்த வியாபாரம் செய்யும் செண்பகவல்லியக்கா நூற்றுக்கு இரண்டு கூட்டச் சொல்வாள். அதற்குமேல் ஆசைப்பட மாட்டாள், பக்தி உள்ளவள். பழைய இரும்பும் பேப்பரும் வாங்குகிற ஆக்ரிக்கடை பிச்சைக்கனிக்குப் பத்துக்கு ஒன்று குறைய வேண்டும். பழைய இரும்பை யார் வீட்டில் எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள்?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த என் பிழைப்பில் சாம்பசிவன் சார் வந்து இறங்கினார்.

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருப்பவர். பெரிய உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்ற என்ஜினீயர். ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். இவர் கழக்கூட்டத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து ஆறு வருஷமாக விமானம் கட்டினார். சின்ன விமானம்தான். இரண்டு பேர் உட்காரலாம், முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒன்று. வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்தது, தகடும் துணியும் மரமும் எங்கெங்கிருந்தோ வந்தன, பொறுமை அவருடைய சொந்தச் சரக்கு. ஷெட்டை ஒட்டி ஐ.டி. பையன்கள் தங்கும் ஹாஸ்டல். அவர்கள் மாடியில் நின்று பல் தேய்த்தபடி, இது பறக்குமா பறக்காதா என்று ஆறு வருஷமாகப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவி சூடாமணி மாமிக்கு வேறு கவலை. "ஆத்துல ஒரு ஸ்டூல் கால் ஆடறது. அதுக்கு ஆணி அடிக்க இவருக்கு நேரமில்லை. ஏரோப்ளேன் பண்றார்," என்று என்னிடமே ஒருமுறை சொன்னாள்.

சார் அன்று கடை வாசலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்று.

"ஓய் தங்கபாண்டி, ஏரோப்ளேனை எடை போட பிளாட்பாரம் தராசு மூணு வேணும். நாளைக்கு ஒருநாள் போதும். இந்த வருஷ முத்திரை இருக்கணும். இருக்கா?"

"இருக்கு சார்."

"மூணுலயும்?"

"மூணுலயும் இருக்கு சார்."

அது பொய்யில்லை. முத்திரை பளபளவென்று இருந்தது. செண்பகவல்லியக்காவின் இரண்டு தராசும் பிச்சைக்கனியின் ஒன்றும் முந்தின நாள்தான் ஆபீசிலிருந்து வந்திருந்தன. பாடமும் நடத்தி முடித்து, வண்டிக்காகக் காத்திருந்தன. மறுபடி நேர்படுத்த அரை நாள், விமானக் காரியம் முடிந்ததும் மறுபடி கெடுக்க அரை நாள். எனக்குச் சோம்பல். அதோடு, விமானத்தை யாரும் கிலோ கணக்கில் வாங்கவும் போவதில்லை, விற்கவும் போவதில்லை. முன்னால் கொஞ்சம் கூடும், பின்னால் கொஞ்சம் குறையும், கூட்டிக் கழித்தால் மொத்தம் சரியாக வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டேன். கம்போளத்தில் எல்லாக் கணக்கும் அப்படித்தான் நேராகிறது.

மறுநாள் கழக்கூட்டம் ஷெட்டில் எடை போட்டோம். முன் சக்கரங்கள் இரண்டும் அக்காவின் தராசுகளில் ஏறின. வாலைத் தூக்கி மட்டம் பார்த்துப் பிச்சைக்கனியின் தராசில் வைத்தோம். அக்காவின் தராசு இடுக்கிலிருந்து ஓர் உள்ளித்தோல் எட்டிப் பார்த்தது. அதையும் சார் ஊதித் தள்ளிவிட்டு, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தார். முன்னால் நூற்று இருபத்தெட்டரை, நூற்று இருபத்தெட்டரை. வாலில் பத்தொன்பது கிலோ எண்ணூறு.

உண்மையில் வாலில் இருந்தது இருபத்திரண்டு கிலோ. அது எனக்கு மனக்கணக்கில் அப்போதே தெரிந்தது. மொத்தத்தில் மூன்று கிலோகூட வித்தியாசமில்லை என்று எனக்குள் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அவருடைய மகள் பத்மப்ரியாவும் அங்கே இருந்தாள். முப்பது வயது. வடக்கே ஒரு விமானப் பள்ளியில் மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அப்பாவின் விமானத்தை முதலில் சோதித்துப் பார்க்க லீவு போட்டு வந்திருந்தாள். ஓட்டுகிறவரின் எடையும் காகிதத்தில் ஏற வேண்டும் என்பதால், பாராசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளித் தராசில் ஏறி நின்றாள்.

"அறுபத்தாறு கிலோ முந்நூறு," என்றார் சார்.

"அய்யோ, நான் அம்பத்தெட்டு, பாராசூட் ஏழு. அறுபத்தஞ்சல்லே வரணும்?"

"நேத்திக்கு ரெண்டு பப்ஸ் சாப்பிட்டியே."

"ரெண்டு பப்ஸ் ஒரு கிலோ முந்நூறா அப்பா?"

"முத்திரை இருக்கு, பத்மா. தராசு சொன்னா சொன்னதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஹாஸ்டல் மாடியைப் பார்த்தேன். பிறகு சார் நீட்டிய காகிதத்தில், உரிம எண்ணோடு, 'சரியான தராசுகளில் என் முன்னிலையில் எடை போடப்பட்டது' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பத்மப்ரியா கடைக்கு வந்தாள். அந்தக் காகிதத்தில் இன்னும் இரண்டு பிரதிக்குக் கையெழுத்து வேண்டுமாம். டெல்லி ஆபீசுக்கு ஒன்று, ஓடுபாதைக்காரருக்கு ஒன்று. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மில் முதலாளி சொந்தமாக ஓடுபாதை வைத்திருந்தார். விமானத்தை இறக்கையைக் கழற்றி லாரியில் அங்கே கொண்டுபோவதாக ஏற்பாடு. டீ வரவழைத்தேன். பேச்சுவாக்கில், சும்மா கிடந்த சங்கை நானே எடுத்து ஊதினேன்.

"ஏன் தாயி, வாலுல இம்புட்டு இருந்தா என்ன, அம்புட்டு இருந்தா என்ன? மொத்தந்தான கணக்கு?"

"மொத்தம் அவ்வளவு பெரிய விஷயமில்லை அண்ணாச்சி. கனம் எங்க இருக்குங்கறதுதான் விஷயம். தோ பாருங்கோ."

சந்தில் ஒரு சுமைக்காரர் கைவண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மூட்டைகளைப் பின்பக்கமாக அடுக்கிவிட்டார். வண்டி பின்னால் சாய்ந்து, பிடி மேலே எழும்பி, பிடித்திருந்தவர் அதில் தொங்கினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி இறங்கி, ஒரு மூட்டையை முன்னால் தள்ளிப் போட்டார்.

"இவர் இறங்கி மூட்டையை மாத்திப் போட்டார், கேட்டோ? எனக்கு மேல அந்த வசதி கிடையாது," என்றாள் பத்மப்ரியா.

பிறகு அவள் சொன்னதை நான் நன்றாகவே புரிந்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் மோசமாகப் புரிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"வேகம் குறைஞ்சு ஒரு ரெக்கை மட்டும் காத்தை விட்டுடுத்துன்னா, விமானம் அந்தப் பக்கமா விழுந்து, சுத்திண்டே கீழ வரும். அதுக்குத்தான் ஸ்பின்னு பேர். சின்ன விமானத்துல பாதிப் பேர் அதுலதான் போறா. நான் எட்டாயிரம் அடியில அதை வேணும்னே பண்ணி, வெளிய வரதான்னு பாக்கணும்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். முன்பக்கம் கனமா இருந்தா மூக்கு தானா கீழ தொங்கும். காத்து கிட்டும். சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம் காலை அமுக்கி, கையை முன்னால தள்ளினா நின்னுடும். பின்பக்கம் கனமாயிடுத்துன்னா..." அவள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த என் மின்விசிறியைக் காட்டினாள். "இந்த ஃபேன் மாதிரி படுத்துண்டு சுத்தும். கால் கை என்ன பண்ணினாலும் கேக்காது."

"அப்ப என்ன செய்வ?"

"குதிக்கணும். அந்தச் சுத்துல கதவைத் திறந்து வெளிய வர முடிஞ்சா." டீயைக் குடித்து முடித்தாள். "அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கனத்தோட நடு இதுக்குமேல பின்னால போகப்படாதுன்னு ஒரு எல்லை உண்டு. உங்க தராசுக் கணக்குப்படி அதுக்கு இன்னும் முக்கால் அங்குலம் மிச்சம் இருக்கு. அது தாராளம்."

பேனாவை நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பிரதியிலும் போட்டேன். அதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

அவள் போனதும் பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். எந்தக் கனம் எங்கே இருந்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பது தராசுக்காரனுக்குப் பாலபாடம். வால் நான்கு மீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே இரண்டு கிலோ இருநூறு மறைந்திருக்கிறது. முன்னால் இல்லாத ஐந்து கிலோ இருப்பதாக எழுதியிருக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் ஒரே விடை. அவர்களுக்கு மிச்சம் முக்கால் அங்குலம். என் பொய் ஒரு அங்குலம். முன்னால் கூட்டி, பின்னால் குறைத்து, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நினைத்தேனே, அவை இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் தள்ளியிருந்தன.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் உரிமம் போகும். உரிமம் போனால் கடை போகும். ஐம்பத்திரண்டு வயதில் நான் எந்த ஹோட்டலில் மாவு ஆட்டப் போவேன்? பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது, ஆனால் பயம்தான் அதிகம்.

இரண்டாம் நாள் சாருக்கு போன் போட்டேன். "சார், இன்னொரு தடவ எடை போட்டுப் பாப்பமா? காசு வேண்டாம்."

"எதுக்கு?"

"மழக்காலம் பாருங்க. தராசுல ஈரம் கீரம் ஏறியிருக்கும்."

"உம்ம தராசை நீரே சந்தேகப்படலாமா ஓய்? முத்திரை இருக்கு. உம்ம கையெழுத்து இருக்கு. உம்மை மாதிரி ரெண்டு பேர் இருந்தா இந்த ஊர் உருப்படும்." வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒருவர் யோக்கியன் என்று மனதாரச் சொன்னது அன்றுதான். கேட்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமிக்கு போன் போட்டு, லாரி வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இல்லை என்று யாரோ சொன்னதாகச் சொன்னேன். "அவருக்கு ஏது நாளும் கிழமையும்? ஏகாதசியன்னிக்கு என்ஜின் மாட்டினவர்," என்றாள் மாமி. பிறகு பழவங்காடிக்குப் போய்ப் பதினொரு தேங்காய் உடைத்தேன். அங்கே தேங்காயை எண்ணித்தான் விற்கிறார்கள், நிறுத்து அல்ல. என் கைவேலை நுழையாத இடம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. பதினொன்றும் அழகாகச் சிதறின. பிள்ளையார் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை செண்பகவல்லியக்கா கடைக்கு வந்தாள். "தம்பி, தராசு பிரமாதம். ஒரு குறையும் இல்ல," என்றாள். அவள் போனதும் ஷட்டரை இறக்கினேன். ஒரு நல்ல தராசையும் என் எடைக்கற்கள் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கழக்கூட்டம் போனேன். போகிற வழியில் அக்காவிடமும் பிச்சைக்கனியிடமும் கெஞ்சிக் கூத்தாடி, அதே மூன்று தராசுகளையும் அன்று ஒரு பொழுதுக்கென்று சரக்கு ஆட்டோவில் பின்னால் வர வைத்தேன்.

லாரி மறுநாள் காலை வருவதாக இருந்தது. சார் இறக்கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பத்மப்ரியா என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தாள். மாமி டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள்.

பிச்சைக்கனியின் தராசைத் தரையில் வைத்து, என் இருபது கிலோ கல்லை ஏற்றினேன். பதினெட்டு என்றது. அக்காவின் தராசில் ஐம்பது கிலோ ஏற்றினேன். ஐம்பத்தொன்று என்றது.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பழுதாயிடுத்தா?"

"இல்ல சார். நான்தான் இப்படி வச்சேன். விக்கிறவங்களுக்குக் கூட்டி, வாங்குறவங்களுக்குக் கொறச்சு. அன்னைக்கும் இப்படித்தான் இருந்திச்சு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷம் பூசிய ஒவ்வொரு கோட் பெயிண்டையும் நிறுத்து எழுதி வைத்த மனிதர். பேப்பரையும் பென்சிலையும் எடுத்தார். எனக்குத் தெரிந்த விடை அவருக்கு வர ஐந்து நிமிஷம் ஆனது. வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

பத்மப்ரியா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அன்னிக்குக் கடையில நான் ஃபேனைக் காட்டினேனே. அப்பவே தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். நீ போனப்புறம் முழுசும் தெரிஞ்சிச்சு தாயி."

"நாலு நாள்."

"ஆமா."

"நாலு நாள், அண்ணாச்சி." திட்டியிருக்கலாம். அவள் திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை, அங்கேயே அழுதேன். மாமி எழுந்து வந்து, "பாவி மனுஷா," என்று தலையிலடித்துக்கொண்டாள். பிறகு, "காபி சாப்பிடும்," என்று டம்ளரை நீட்டினாள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள்.

மூன்று தராசையும் அவர்கள் கண்ணெதிரே நேர்படுத்தினேன். மறுபடி எடை போட்டோம். வாலில் இருபத்திரண்டு. புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பயமில்லாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். வாலைக் குறைக்க வழியில்லை, மூக்கில் ஏழு கிலோ கட்ட வேண்டும் என்று கணக்கு சொன்னது. ஈயம் வாங்கி உருக்க நேரமில்லை. அதோடு சாருக்குச் சுமாரான ஏழு கிலோ ஆகாது. அவர் பார்வை என் பெட்டிமேல் போனது. அரசாங்கச் சோதனைச்சாலையில் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த எடைக்கற்கள். ஜில்லாவிலேயே ஒழுங்கான ஏழு கிலோ அதில்தான் இருந்தது.

"எடுத்துக்கிடுங்க சார்," என்றேன்.

சான்றிதழை வாங்கிப் படித்தார். ஐந்து கிலோ கல்லில் மூன்று கிராம் கூடுதல் என்று அதில் இருந்தது. "ஏழு கிலோ மூணு கிராம்," என்று எழுதிக்கொண்டார். ஐந்தையும் இரண்டையும் என்ஜினுக்கு முன்னால் இரும்புப் பட்டை போட்டு, போல்ட் முறுக்கி இறுக்கினோம். என் கடையிலேயே பொய் சொல்லத் தெரியாதவை அந்தக் கற்கள்தான், அவற்றிலும் இரண்டு ஊரைவிட்டுப் போயின.

இத்தோடு என்னைக் கட்டித் தழுவி, எல்லாம் மன்னிக்கப்பட்டது என்று சொல்வார் என எதிர்பார்த்தவர்களுக்குச் சாம்பசிவன் சாரைத் தெரியாது. லாரி கிளம்பிப் போன அன்று மத்தியானம், மாமி கையால் எனக்கு ஓலனும் எரிசேரியும் போட்டுச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஆறு பக்கக் காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். என்னைப் பற்றி எடையளவு ஆபீசுக்கு அவர் எழுதியிருந்த புகார்.

"தேதியெல்லாம் சரியா இருக்கான்னு பாரும். தப்பா எதுவும் போயிடக் கூடாது."

"ஏன்னா, இவர் வந்து சொல்லலைன்னா நம்ம பொண்ணு..." என்றாள் மாமி.

"அதுக்கு நன்றி. அதையும் நாலாவது பத்தியில எழுதியிருக்கேன். இது வேற விஷயம்."

எழுதியிருந்தார். 'மேற்படி நபர் தாமாக முன்வந்து உண்மையைக் கூறியதால் என் மகளின் உயிர் காப்பாற்றப்பட்டது' என்று நாலாவது பத்தி. 'மேற்படி நபரின் உரிமத்தை ரத்து செய்யக் கோருகிறேன்' என்று ஐந்தாவது பத்தி. ஒரு தேதியைத் திருத்திக் கொடுத்தேன். தராசுகள் யாருடையவை என்று கேட்டார், என் கடையுடையவை என்றேன். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கோபப்பட எனக்கு வாய் இல்லை.

அரசாங்கம் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சோதனை என்று நோட்டீஸ் வந்தது. புகார்தாரரும் சாட்சியாக வர வேண்டும் என்று சாருக்கும் ஒன்று போனது. அதே வியாழக்கிழமை அதே நேரத்துக்குத்தான் எல்லைக்கு அப்பால் பத்மப்ரியா ஸ்பின் சோதனை செய்வதாக இருந்தது. மகள் வானத்தில் சுற்றும்போது எந்தத் தகப்பனும் கீழே நிற்பான். இவர் நோட்டீசை மதித்து என் கடைக்கு வந்தார். மாமியைத்தான் ஓடுபாதைக்கு அனுப்பியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பத்மஜா மேடம் கண்டிப்பானவர், ஆனால் மரியாதையானவர். உரிமத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தார். தராசுகளை எண்ணினார். நானும் சாரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சாரின் போன் அவர் மடியில் இருந்தது. பதினொன்றேகாலுக்கு ஏறியிருப்பாள் என்றார். எட்டாயிரம் அடி ஏற இருபது நிமிஷம். பதினொன்று முப்பத்தைந்தானது. சார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேடம் எடைக்கற்கள் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி. இரண்டு குழி காலி.

"ஈ அஞ்சும் ரெண்டும் எவிடே?"

இதை நான் யோசிக்கவே இல்லை. புதுக் கற்கள் வாங்கி வைக்க ஒரு மாதமாவது கிடைக்கும் என்றிருந்தேன். அரசாங்கம் சோதித்துக் கொடுத்த கற்கள் வெளியாளிடம் இருக்கக் கூடாது. எங்கே இருக்கின்றன என்று சொன்னால் உடனே கொண்டுவரச் சொல்வார்கள். மத்தியானத்துக்குமேல் இரண்டாவது சோதனை பாக்கி இருந்தது. ஆபீசிலிருந்து உத்தரவு என்று ஒரு போன் போனால், அங்கே இருப்பவன் ஸ்பானரை எடுத்துக் கழற்றிவிட்டுத்தான் ஏன் என்று கேட்பான். வால் மறுபடி கனக்கும்.

"தொலைஞ்சு போச்சு மேடம்."

"ரெண்டும் சேர்ந்தோ?"

"ரெண்டும் சேந்துதான்."

அவர் நம்பவில்லை. பொய்யை ஒப்புக்கொண்டு உரிமத்தை இழக்கிறவன் சொல்வதை யார் நம்புவார்கள்? சார் பக்கம் திரும்பினார். அவர் எழுதிய ஆறு பக்கப் புகார் மேடத்தின் கையில் இருந்தது. மூன்று தசமம் வரை எண்கள் உள்ள புகார், கற்கள் மூக்கில் ஏறியது மட்டும் அதில் இல்லை.

"சார் ஆ வெயிட் கண்டிட்டுண்டோ? எவிடேயெங்கிலும்?"

சாம்பசிவன் சார் மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லிவிடப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது.

"இல்லை," என்றார். "நான் கண்டதில்லை."

அவர் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடத் தேவையே இருக்கவில்லை, மாமியின் குரல் சந்துமுனை வரை கேட்டிருக்கும்.

"மூணு சுத்து சுத்தித்துன்னா! எனக்கு உயிரே போயிடுத்து! அப்புறம் அப்படியே நின்னுடுத்து! நேரா வரா, இதோ வரா!"

சார் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தா சார்? ஆருக்கு என்ன?"

"பொண்ணுக்கு," என்றார். "கொஞ்சம் தலை சுத்தல். நின்னுடுத்தாம்." ஐந்து நிமிஷத்தில் அவர் சொன்ன இரண்டாவது பொய்.

மேடம் எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக இரங்கி, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. 'ஐந்து கிலோ ஒன்று, இரண்டு கிலோ ஒன்று, ஆக ஏழு கிலோ, காணவில்லை' என்று எழுதி, வாய்விட்டுப் படித்தும் காட்டினார். ஏழு கிலோ என்றதும் சாரின் வாய் தானாகத் திறந்தது. நான் பெஞ்சுக்கு அடியில் அவர் காலை அழுத்தி மிதித்தேன். மூடிக்கொண்டார். முதலில் நான் கையெழுத்துப் போட்டேன், பிறகு சாட்சி என்ற இடத்தில் அவர் போட்டார். அவர் கையெழுத்து கோணலாக விழுந்தது.

மேடம் போனபிறகு நாங்கள் இருவரும் வாசற்படியில் நின்றோம். சந்தில் கைவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஓய், ஏழு கிலோ மூணு கிராம்," என்றார் சார்.

"தெரியும் சார்."

"மூணு கிராம் குறைச்சு எழுதியிருக்கா. தெரிஞ்சே நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது மகளுக்காகவா, மூன்று கிராமுக்காகவா என்று நான் கேட்கவில்லை. அவர் போட்டுக் கொடுத்து என் உரிமம் போன நாள் அது. டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், வந்தார்.